பேட்டரியை யார் நிரப்புவது?

மாடியில் வெயில் கொட்டுகிறது. மாடிப்படிக்குக் கீழே இருக்கும் பேட்டரியோ அதற்கு முன்பே இ.பி. கரன்ட்டில் நிரம்பிவிடுகிறது. சோலார் போட்ட வீடுகளில் காசு கரைவது இங்கேதான்.

காலை ஐந்து மணிக்கு கரன்ட் போகிறது. அரை மணி நேரத்தில் வந்தும்விடுகிறது. வந்ததும் இன்வெர்ட்டர், மின்வாரியத்தின் கரன்ட்டை இழுத்துப் பேட்டரியை நிரப்ப ஆரம்பிக்கிறது. ஒன்பது மணிக்கு வெயில் ஏறும்போது பேட்டரியில் இடம் இல்லை. பிள்ளைகள் பள்ளிக்கும் பெரியவர்கள் வேலைக்கும் கிளம்பியாயிற்று. வீட்டில் ஓடுவது ஒரு ஃப்ரிட்ஜும் வைஃபை பெட்டியும் மட்டும். மாடியில் ஒரு கிலோவாட் பேனல் நல்ல வெயிலில் சும்மா கிடக்கிறது. அது கொடுக்கத் தயார், வாங்கிக்கொள்ளத்தான் ஆளில்லை. இந்த இழப்பு எந்த மீட்டரிலும் பதிவாகாது. இரண்டு மாதம் கழித்து பில் வரும்போது, “சோலார் போட்டும் பெருசா ஒண்ணும் குறையலையே” என்று வீட்டுக்காரர் நொந்துகொள்வார்.

அதே வீட்டில் இன்னொரு குறையும் காதில் விழும். ஐந்து வருஷம் வரும் என்று சொல்லி வாங்கிய பேட்டரி மூன்றாவது வருஷமே தொங்கிவிட்டது, கரன்ட் போனால் இருபது நிமிஷம்கூட ஃபேன் ஓடுவதில்லை என்பார்கள். பேட்டரி கம்பெனி மேல் பழி விழும். கடைக்காரர் புதிதாக ஒன்றை இறக்கிவிட்டுப் போவார்.

இரண்டு குறைக்கும் வேர் ஒன்றுதான். பேட்டரியை எப்போது, எவ்வளவு வேகத்தில், எதைக் கொண்டு நிரப்புவது என்பதை யாருமே உட்கார்ந்து தீர்மானிக்கவில்லை. வீட்டுப் பேட்டரிகளில் பெரும்பாலானவை உழைத்துத் தேய்வதில்லை. தப்பாக சார்ஜ் ஆகித்தான் சாகின்றன.

இதற்கு ஒரு வரலாறு உண்டு. தமிழ்நாட்டு வீடுகளுக்குள் இன்வெர்ட்டர் பெருவாரியாக நுழைந்தது 2008-க்குப் பிந்தைய மின்வெட்டுக் காலத்தில். 2012-ல் சென்னைக்கு வெளியே பல ஊர்களில் நாளுக்கு 12 மணி நேரத்துக்கு மேல் கரன்ட் இல்லை. ஒரு மணி நேரம் வரும், அடுத்த மணி நேரம் போகும். அப்போது இன்வெர்ட்டர் செய்ய வேண்டியிருந்தது ஒரே வேலை: இ.பி. கரன்ட் தலைகாட்டும்போதெல்லாம் அவசர அவசரமாகப் பேட்டரியை நிரப்பி வைப்பது. அன்றைக்கு அது சரியான வேலை. இன்று வெட்டு குறைந்துவிட்டது, மாடியில் பேனல் ஏறிவிட்டது. ஆனால் பல வீடுகளில் இன்வெர்ட்டர் இன்னும் 2012-லேயே வாழ்ந்துகொண்டிருக்கிறது.

கடைசி இருபது சதவீதம்

நம் வீடுகளில் அதிகம் இருப்பது தண்ணீர் ஊற்றும் டியூபுலர் ரக லெட்-ஆசிட் பேட்டரி. காஸ்டன் பிளாண்டே என்ற பிரெஞ்சு அறிவியலாளர் 1859-ல் உருவாக்கிய அதே ஈயமும் கந்தக அமிலமும்தான் இன்றும் உள்ளே இருக்கின்றன. 12 வோல்ட் பேட்டரிக்குள் ஆறு செல்கள். முழு சார்ஜில், ஓய்வாக இருக்கும்போது, சுமார் 12.6 வோல்ட் காட்டும். பாதி காலியானால் 12.1-ஐ ஒட்டி வரும்.

இதை நிரப்ப மூன்று கட்டங்கள் வேண்டும். முதல் கட்டத்தில் கரன்ட் சீராகப் பாயும், வோல்டேஜ் ஏறிக்கொண்டே வரும். 14.4 வோல்ட் அளவுக்கு வந்ததும் இரண்டாம் கட்டம். இங்கே வோல்டேஜை அப்படியே பிடித்து வைக்க வேண்டும். பேட்டரி வாங்கும் கரன்ட் தானாகக் குறைந்துகொண்டே போகும். முழுதாக நிரம்பிய பிறகு 13.5-லிருந்து 13.8 வோல்ட்டுக்கு இறக்கிப் பராமரிப்பது மூன்றாம் கட்டம்.

சூரியனோடு சிக்கல் வருவது இரண்டாம் கட்டத்தில். வாய் குறுகிய குடத்தில் கடைசியாக ஊற்றும் தண்ணீரை மெதுவாகத்தான் ஊற்ற முடியும். பேட்டரியின் முதல் எண்பது சதவீதம் சுலபமாக ஏறிவிடும். மிச்சம் இருபது சதவீதத்துக்கு மூன்று, நான்கு மணி நேரம் பிடிக்கும், என்னதான் அழுத்தினாலும். காலை பத்து மணிக்கு ஆரம்பித்த சோலார் சார்ஜிங் இரண்டாம் கட்டத்தைத் தொடும்போது மணி மூன்றாகியிருக்கும். அப்புறம் வெயில் சாய்ந்துவிடும். நாளை மறுபடி எண்பது. மறுநாளும் எண்பது. இப்படியே வாரக்கணக்கில் முழுதாக நிரம்பாமல் கிடக்கும் பேட்டரியின் தகடுகளில் ஈய சல்பேட் கெட்டிப்பட்டுப் படியும். பின்னால் எவ்வளவு சார்ஜ் போட்டாலும் அது கரையாது. அந்தப் பகுதி செத்ததுதான்.

ஆக, இரண்டு பக்கமும் பள்ளம். விடிவதற்கு முன்பே இ.பி.யில் நிரப்பிவிட்டால் வெயில் வீண். இ.பி.யை அடியோடு அடைத்துவிட்டு வெயிலை மட்டும் நம்பினால், மேகம் சூழ்ந்த வாரங்களில் பேட்டரி பாழ். என் முடிவு இது: தினசரி நிரப்புவது சூரியனாக இருக்கட்டும். வாரம், பத்து நாளுக்கு ஒரு தரம், சாயங்காலம் வெயில் இறங்கிய பிறகு, விட்ட குறையை இ.பி. முடித்துக் கொடுக்கட்டும்.

இன்வெர்ட்டருக்குப் பின்னால் ஒரு சின்ன சுவிட்ச்

மன்னார்குடிப் பக்கம் ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் வீட்டில் பார்த்தது. மெக்கானிக் பையன் பேட்டரியின் மூடிகளைக் கழற்றி, கண்ணாடிக் குழாய் போன்ற ஹைட்ரோமீட்டரை ஒவ்வொரு செல்லுக்குள்ளும் விட்டு அமிலத்தை உறிஞ்சினான். உள்ளே மிதக்கும் குச்சியில் அமிலத்தின் அடர்த்தியைக் காட்டும் எண்கள்.

“கிராவிட்டி பாருங்க சார். நாலு செல்லு 1200 நிக்குது. இது ரெண்டும் 1160. முழு சார்ஜுல 1240 வரணும்.”

“நேத்து ராத்திரி பூரா சார்ஜுலதானே தம்பி இருந்துச்சு?”

“தண்ணி எப்ப ஊத்தினீங்க?”

“காலையிலதான்.”

“அப்ப இந்தக் கணக்கை முழுசா நம்ப முடியாது. ஊத்துன தண்ணி இன்னும் மேலேயே நிக்கும். ஆனா வேற ஏதோ கோளாறும் இருக்கு சார், இவ்வளவு எறங்காது.”

இன்வெர்ட்டரைத் திருப்பினான். பின்பக்கம், ஃபியூஸுக்குப் பக்கத்தில், விரல் நகம் அளவுக்கு ஒரு ஸ்லைடு சுவிட்ச். பேட்டரி எந்த ரகம் என்று இன்வெர்ட்டருக்குச் சொல்லும் சுவிட்ச் அது. தண்ணீர் ஊற்றத் தேவையில்லாத சீல்டு பேட்டரிக்கான இடத்தில் நின்றது. வீட்டில் இருந்ததோ டியூபுலர். இன்வெர்ட்டர் 14.4-க்குப் போகாமல் அதற்குக் கீழேயே நிறுத்திக்கொண்டு, ‘சார்ஜ் முடிந்தது’ என்று பச்சை விளக்கைக் காட்டிவந்திருக்கிறது. வாங்கிய நாளிலிருந்து பேட்டரி ஒரு தடவைகூட முழுதாக நிரம்பவில்லை.

சுவிட்சை நகர்த்த ஒரு நொடி ஆனது. ஆனால் அதைத் தெரிந்துகொள்ளாமல் போன மாதங்களில் தகடுகளில் படிந்ததை அந்த ஒரு நொடி நீக்கிவிடாது. லேசான படிவு என்றால், வோல்டேஜை 15-க்கு மேல் ஏற்றிச் சில மணி நேரம் கொதிக்கவிடும் ‘ஈக்வலைஸ்’ சார்ஜ் ஓரளவு மீட்கும். செல்களுக்கு இடையே உள்ள ஏற்றத்தாழ்வையும் அது சமன்செய்யும். தண்ணீர் ஊற்றும் பேட்டரிக்கு மட்டும்தான் இது. சீல்டு பேட்டரிக்கோ லித்தியத்துக்கோ செய்தால் அதோடு கதை முடிந்தது.

சித்திரைக்கு ஒன்று, கார்த்திகைக்கு ஒன்று

பேட்டரிக் குறிப்பேட்டில் போட்டிருக்கும் எண்கள் பெரும்பாலும் 25 டிகிரி வெப்பத்துக்கானவை. சித்திரை வெயிலில் வேலூரிலோ மதுரையிலோ மொட்டை மாடி ஒட்டிய அறை 40 டிகிரியைச் சுலபமாகத் தொடும். சூடு ஏற ஏற, நிரப்பத் தேவையான வோல்டேஜ் குறையும்: ஒவ்வொரு டிகிரிக்கும் ஒரு செல்லுக்கு 3 முதல் 5 மில்லிவோல்ட். ஆறு செல்லுக்கும் பதினைந்து டிகிரிக்கும் கணக்குப் போட்டால், 14.4 என்று வைத்த இடத்தில் 14.0 வோல்ட்டே போதும். நல்ல சார்ஜ் கன்ட்ரோலர்களில் பேட்டரி மேல் ஒட்டும் வெப்ப உணரி ஒன்று வரும், அதுவே பார்த்துக் குறைத்துக்கொள்ளும். விலை குறைந்தவற்றில் அது இருக்காது. இருக்கும் இடங்களிலும் அந்த வயரைப் பெட்டியிலேயே விட்டுவிட்டுப் போகிறவர்கள் உண்டு. விளைவு, கோடையில் பேட்டரி கொதிக்கிறது, தண்ணீர் மடமடவென்று இறங்குகிறது. பேட்டரி இருக்கும் இடத்தில் பத்து டிகிரி கூடினால் அதன் ஆயுள் பாதியாகும் என்பது இந்தத் துறையில் நெடுநாளாகக் கைக்கொள்ளும் கணக்கு. மாடி அறையிலிருந்து தரைத்தளத்து நிழலுக்குப் பேட்டரியை இறக்குவது, விலை கூடிய பேட்டரி வாங்குவதைவிடப் பலன் தரும்.

தண்ணீர் விஷயத்தில் கஞ்சத்தனம் கூடாது. டிஸ்டில்ட் வாட்டர் மட்டுமே. போர் தண்ணீரிலும் குழாய்த் தண்ணீரிலும் உள்ள இரும்பும் குளோரினும் தகடுகளைத் தின்றுவிடும். ஆர்.ஓ. தண்ணீரும் ஆகாது. சார்ஜ் முடிந்த பிறகு ஊற்ற வேண்டும், அதுவும் குறித்த அளவு வரை. அமிலம் ஊற்றவே கூடாது, கடைக்காரரே சொன்னாலும். கொதிக்கும் பேட்டரியிலிருந்து வருவது ஹைட்ரஜன். காற்றில் நான்கு சதவீதம் கலந்தாலே தீப்பொறியில் வெடிக்கக்கூடியது. மாடிப்படிக்குக் கீழே கதவு போட்டு அடைத்த இடத்தில் பேட்டரி, அதன் மேல் பலகையில் சாமி படம், படத்துக்கு முன் விளக்கு என்று சில வீடுகளில் காண்கிறேன். தயவுசெய்து விளக்கை இடம் மாற்றுங்கள்; கதவில் காற்றுப் போக வழி வையுங்கள்.

ஐப்பசி, கார்த்திகையில் நிலைமை தலைகீழ். ஒரு கிலோவாட் பேனல் நல்ல வெயிலில் நாளுக்கு நான்கு யூனிட்டை ஒட்டிக் கொடுக்கும். அடைமழை நாளில் அதில் கால் பங்கு கிடைத்தாலே பெரிது. புயல் வந்து கம்பங்களைச் சாய்ப்பதும் அந்த மாதங்களில்தான். அப்போது வெயிலுக்கு இடம் விட்டு வைக்கிற கணக்கையெல்லாம் மூட்டை கட்டிவிட்டு, இ.பி. சார்ஜிங்கை முழுதாகத் திறந்துவிட வேண்டும். வானிலை மையம் எச்சரிக்கை கொடுத்த அன்று பேட்டரி நிரம்பியிருக்க வேண்டும், எந்த கரன்ட்டாக இருந்தாலும் சரி. தை பிறந்து வானம் தெளிந்ததும் பழைய முறைக்குத் திரும்பலாம். வருஷத்துக்கு இரண்டு முறை ஒரு பொத்தானை அழுத்துகிற வேலை.

பேட்டரி கரன்ட் யூனிட் 13 ரூபாய்

சோலார் இன்வெர்ட்டர்களில் முன்னுரிமை வரிசை ஒன்று இருக்கும். முதலில் சோலார், அடுத்து பேட்டரி, கடைசியில் இ.பி. என்பது ஒரு முறை. முதலில் சோலார், அடுத்து இ.பி., இரண்டும் இல்லாதபோது மட்டும் பேட்டரி என்பது இன்னொன்று. முதல் முறையில் இ.பி. பில் அதிகம் குறையும் என்று சொல்லித்தான் பல இடங்களில் அமைத்துக் கொடுக்கிறார்கள். பில் குறைவது உண்மைதான். ஆனால் பேட்டரியின் விலையையும் சேர்த்துப் பாருங்கள்.

150 ஆம்பியர்-அவர் (ஏ.எச்.), 12 வோல்ட் பேட்டரியில் அடங்குவது 1.8 யூனிட். பாதிக்குக் கீழே இறக்கக் கூடாது என்பதால் 0.9 யூனிட்டையே எடுக்கலாம். இன்வெர்ட்டரின் இழப்பு போக கைக்கு வருவது முக்கால் யூனிட். பேட்டரி 15,000 ரூபாய் என்றும், இப்படி 1,500 தடவை இறங்கி ஏறும் என்றும் வைத்துக்கொள்வோம். மொத்தம் 1,125 யூனிட். யூனிட்டுக்கு 13 ரூபாய்க்கு மேல் ஆகிறது. தமிழ்நாட்டில் வீட்டு இணைப்புக்கு முதல் 100 யூனிட் இலவசம். மேல் அடுக்கில்கூட யூனிட் விலை இதைத் தொடுவதில்லை. பில்லை மிச்சப்படுத்த டியூபுலர் பேட்டரியைத் தினம் ராத்திரி கறப்பது நஷ்டம். பகலில் பேனல் தரும் கரன்ட்டைப் பகலிலேயே செலவழியுங்கள். வாஷிங் மெஷின், மோட்டார், அயர்ன் பாக்ஸ் எல்லாம் பதினொரு மணிக்கு மேல். இணைப்பும் இன்வெர்ட்டரும் தாங்குகிற அளவுக்கு. பேட்டரி மின்தடைக்கான சேமிப்பாக இருக்கட்டும்.

கட்-ஆஃப் அளவையும் கவனிக்க வேண்டும். பல இன்வெர்ட்டர்கள் பேட்டரி 10.5 வோல்ட்டை ஒட்டி இறங்கிய பிறகே நிறுத்துகின்றன. அது அடிமட்டம். மாற்ற வசதி இருந்தால் 11.5-க்கு உயர்த்திவிடுங்கள், பேக்கப் நேரம் கொஞ்சம் குறையும், பேட்டரி பிழைக்கும். சார்ஜ் கரன்ட்டுக்கும் அளவு உண்டு. 150 ஏ.எச். பேட்டரிக்கு 15 ஆம்பியர் இதமானது, 30 உச்சம். சோலாரும் இ.பி.யும் ஒரே நேரத்தில் சேர்ந்து ஊற்றும் இன்வெர்ட்டர்கள் இருக்கின்றன. இரண்டையும் கூட்டித்தான் இந்த உச்சத்தைப் பார்க்க வேண்டும். 24 வோல்ட் இன்வெர்ட்டருக்கு இரண்டு பேட்டரி என்றால், பழையது ஒன்று புதியது ஒன்று என்று சேர்க்காதீர்கள். பழையது சீக்கிரம் நிரம்பிக் கொதிக்கும், புதியது அரைகுறையாக நிற்கும், ஒரு வருஷத்தில் இரண்டும் பழசாகிவிடும்.

330 வாட் போட்டு 120 வாட் எடுப்பவர்கள்

தப்பான கன்ட்ரோலரால் வீணாகும் கரன்ட்டைப் பற்றி யாரும் வாயே திறப்பதில்லை என்பது எனக்கு ஆதங்கம். ஏற்கெனவே இருக்கும் 12 வோல்ட் இன்வெர்ட்டருக்கு, மலிவான பி.டபிள்யூ.எம். கன்ட்ரோலர் ஒன்றை வாங்கி, 330 வாட் பேனல் ஒன்றை மாட்டிவிடுகிறார்கள். அந்தப் பேனல் 37 வோல்ட்டில், ஒன்பது ஆம்பியருக்குச் சற்றுக் குறைவாகக் கொடுத்தால்தான் 330 வாட். பி.டபிள்யூ.எம். கன்ட்ரோலருக்கு வோல்டேஜை மாற்றத் தெரியாது. பேனலைப் பேட்டரியின் 13 வோல்ட்டுக்கு இழுத்துக் கட்டிவிடும். ஆம்பியர் ஏறக்குறைய அதே ஒன்பது. 13-ஐ 9-ஆல் பெருக்கினால் 117 வாட். மூன்றில் இரண்டு பங்கு மாடியிலேயே போயிற்று. சில கன்ட்ரோலர்கள் அந்த வோல்டேஜைத் தாங்காமல் புகைந்தும் போகும். எம்.பி.பி.டி. கன்ட்ரோலர் அதிக வோல்டேஜைக் குறைத்து, அதற்கேற்ப ஆம்பியரைக் கூட்டிக் கொடுக்கும். விலை கூடுதல்தான், ஆனால் பெரிய பேனலுக்கு அது இல்லாமல் சரிப்படாது. 12 வோல்ட் பேட்டரிக்கென்றே வரும் 36 செல் பேனல் என்றால் பி.டபிள்யூ.எம். போதும்.

பேனல் உண்டு, கரன்ட் இல்லை

2024 பிப்ரவரியில் வந்த பிரதமரின் சூரிய வீடு திட்டத்தில், 2 கிலோவாட் வரை கிலோவாட்டுக்கு 30,000 ரூபாயும், 3 கிலோவாட்டுக்கும் அதற்கு மேலும் மொத்தம் 78,000 ரூபாயும் மானியம். பேனலின் திறனை வைத்துத்தான் மானியம், பேட்டரிக்கென்று தனியாக எதுவும் கிடையாது. இதில் போடப்படுபவை மின்வாரியக் கம்பியோடு இணைந்தவை. மிச்ச கரன்ட் வெளியே போய்க் கணக்கில் சேரும் என்பதால் வெயில் வீணாகும் பேச்சு இல்லை. ஆனால் தெருவில் கரன்ட் போன மறுகணம் இந்த இன்வெர்ட்டரும் நின்றுவிடும். கம்பத்தில் ஏறி வேலை பார்க்கும் லைன்மேன் மேல் நம் வீட்டு கரன்ட் பாய்ந்துவிடக் கூடாது என்பதற்கான ஏற்பாடு அது. உயிர் காக்கும் ஏற்பாடு. உச்சி வெயிலில் பேனல் இருந்தும் வீடு இருட்டாக நிற்பதைப் பார்த்து ஏமாந்தோம் என்று நினைப்பவர்கள் நிறைய. மின்தடையிலும் ஓட வேண்டும் என்றால் பேட்டரியோடு கூடிய ஹைபிரிட் இன்வெர்ட்டர் வேண்டும். இதை வாங்கும் முன்பே கேட்டு முடிவு செய்ய வேண்டும்.

லித்தியம் வாங்கலாமா?

தினமும் ராத்திரி பேட்டரியில்தான் ஓட்டப் போகிறேன் என்பவர்களுக்கு லித்தியம் அயர்ன் பாஸ்பேட்தான் சரி. 1990-களின் நடுவில் டெக்சாஸ் பல்கலைக்கழகத்தில் ஜான் குட்எனஃப் குழுவில் பிறந்த வேதியியல் இது. குட்எனஃப் 2019-ல் லித்தியம் அயனி பேட்டரிக்கான நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். சூரியனுக்கு இது பொருந்துவதன் காரணம் எளிது: அரைகுறை சார்ஜில் எத்தனை நாள் கிடந்தாலும் இதற்கு ஒன்றும் ஆகாது. கடைசி இருபது சதவீதத் தொல்லை இல்லை. தண்ணீர் இல்லை, வாயு இல்லை. ஆயிரக்கணக்கான தடவை ஆழமாக இறங்கி ஏறும்.

ஆனால் பழைய பேட்டரியைக் கழற்றிவிட்டு அந்த இடத்தில் லித்தியத்தை வைத்தால் மட்டும் போதாது. இன்வெர்ட்டரில் லித்தியத்துக்கான சார்ஜ் அமைப்பு இருக்க வேண்டும். ஈக்வலைஸ், வெப்பத்துக்கேற்ற வோல்டேஜ் மாற்றம் இரண்டையும் அணைக்க வேண்டும். பேட்டரி பாதிக்கு மேல் காலியான பின்னும் வோல்டேஜ் ஏறக்குறைய அப்படியே நிற்கும் என்பதால், பழைய இன்வெர்ட்டரின் பேட்டரி அளவுகோலை நம்ப முடியாது. உள்ளே இருக்கும் பி.எம்.எஸ். பலகை, எல்லை தாண்டினால் முன்னறிவிப்பின்றித் துண்டித்துவிடும். வாரம் ஒரு தரம் அரை மணி நேரம் கரன்ட் போகும் வீட்டுக்கு, ஒழுங்காக சார்ஜ் செய்யப்படும் டியூபுலரே போதும்.

இதெல்லாம் வழக்கமான நாட்களுக்கு. பெரும்புயல் வந்தால் கணக்கு வேறு. 2018 நவம்பர் 16 அதிகாலை வேதாரண்யம் அருகே கஜா புயல் கரையைக் கடந்தது. லட்சத்துக்கும் மேற்பட்ட மின்கம்பங்கள் சாய்ந்தன. டெல்டாவில் பல கிராமங்களுக்கு கரன்ட் வர வாரங்கள் ஆயின. அப்படி ஒரு காலத்தில் பேட்டரியை நிரப்ப வெயில் ஒன்றே கதி. பகலில் வந்ததைத் தாண்டி ராத்திரி செலவழிக்கக் கூடாது. 75 வாட் ஃபேன் ஒன்றுக்குப் பதில் 30 வாட் பி.எல்.டி.சி. ஃபேன் இரண்டு ஓடும். போன் சார்ஜ், மிக்சி, சின்ன மோட்டார் எல்லாம் நடுப்பகலில். கட்-ஆஃப் வரை இறங்கிய பேட்டரியை ஒரு நாளுக்கு மேல் காலியாகப் போட்டு வைக்கக் கூடாது. வெயில் இல்லையென்றால் பக்கத்து ஊர் ஜெனரேட்டரிலாவது ஏற்றிவிட வேண்டும்.

ஓய்ந்துபோன பேட்டரியைத் தெருவில் வரும் பழைய சாமான் வண்டியில் போடாதீர்கள். உடைத்து உருக்கும் இடத்தில் ஈயம் பிள்ளைகளின் ரத்தத்தில் கலக்கிறது. 2022-ன் பேட்டரிக் கழிவு மேலாண்மை விதிகளின்படி, அதைத் திரும்பப் பெற்று மறுசுழற்சிக்கு அனுப்புவது தயாரிப்பாளரின் பொறுப்பு. புதியது வாங்கும் கடையிலேயே கொடுங்கள், விலையிலும் கழித்துக்கொள்வார்கள்.

அடுத்த முறை மெக்கானிக் வீட்டுக்கு வரும்போது நான்கு விஷயங்களைக் காட்டச் சொல்லுங்கள்: பேட்டரி ரகம் எதில் நிற்கிறது, சார்ஜ் கரன்ட் எத்தனை ஆம்பியர், முன்னுரிமை வரிசை எது, இ.பி. சார்ஜிங்கை நிறுத்துவதும் திறப்பதும் எந்தப் பொத்தான். காட்டியதை ஒரு தாளில் எழுதி இன்வெர்ட்டருக்கு மேலே சுவரில் ஒட்டுங்கள். ஐப்பசி பிறப்பதற்குள் செய்துவிடுங்கள்.